ஃப்ளைபிரிட்ஜ் படகுடன் ஆறு கோடைகள்

பிரான்சில் கட்டப்பட்டு, பழைய படகாக என்னிடம் வந்த 12 மீட்டர் ஃப்ளைபிரிட்ஜ் (மேல்தளத்திலிருந்தும் ஓட்டும் வசதியுள்ள) உல்லாசப் படகை, குரோஷியாவின் ஸ்பிளிட் துறையில் நிறுத்தி ஆறு கோடைகளாக ஓட்டி வருகிறேன். இத்தகைய படகை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது வேகத்தையும் டீசல் செலவையும் பற்றித்தான். 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகம் வரை படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. 18 நாட்டைத் தாண்டினால் தண்ணீரின்மேல் எழும்பி வழுக்கிச் செல்கிறது. இடைப்பட்ட வேகத்திலோ, தானே எழுப்பிய அலைமேட்டில் ஏற முடியாமல் அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு தவிக்கிறது. என் குறிப்பேட்டின்படி, ஒரு கடல் மைலுக்கு 8 நாட்டில் 2.5 லிட்டரும், 22 நாட்டில் 5 லிட்டருக்குச் சற்று மேலும் செலவாகின்றன; 12 நாட்டில் 6 லிட்டரை நெருங்குகிறது. ஆகவே அந்த நடு வேகத்தை நான் அறவே தவிர்க்கிறேன்.

இதை வாங்கத் தூண்டியது மேல்தளம்தான். பிராச், ஷோல்டா தீவுகளுக்கு இடையிலுள்ள வாயிலைக் கடக்கும்போது, எதிரே வரும் பயணிகள் கப்பலும் அலைகளுக்கிடையே மறையும் மீன்வலை மிதவைகளும் மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு விலை உண்டு. மோசோர் மலைப் பக்கமிருந்து இறங்கும் 'பூரா' காற்று பக்கவாட்டில் அடித்த ஒரு மாலையில், மேல்தளத்துத் துணிக் கூரை பாய்போலப் புடைத்து, கரையணையும் நேரத்தில் அணியத்தை அடுத்த படகின்மீது தள்ளியது. அணியத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்தியோ சூடேறி, பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் கைகொடுத்ததால் சேதமின்றித் தப்பினோம். அன்றிலிருந்து துறைக்குள் நுழையுமுன் கூரையை மடித்துவிடுகிறேன். பின்முனை மேலிருந்து தெரியாததால் கீழ்ச் சுக்கானிலிருந்தே கட்டுகிறேன்.

ஐரோப்பிய விதிமுறையில் இது 'பி' பிரிவுப் படகு. அதாவது பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 8ஆம் எண் காற்றுவிசை வரையிலும் 4 மீட்டர் அலை வரையிலும் தாங்கும்படி கட்டப்பட்டது. படகு தாங்கலாம், உள்ளே இருக்கும் குடும்பத்தால் அதில் பாதியைக்கூடத் தாங்க முடியாது என்பது என் அனுபவம்.

பராமரிப்பில் எனக்குள்ள பெரிய குறை, இயந்திர அறையின் நெருக்கடி. சென்ற கோடையில் இடது இயந்திரத்தின் சூடு திடீரென ஏறியபோது, வயிற்றில் படுத்துக் கையை நீட்டித்தான் இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பைத் திறக்க முடிந்தது. உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணவில்லை. துண்டுகளை வெப்பமாற்றிக் குழாய்களின் வாயில் தேடியெடுத்து, துணியில் பரப்பி, இதழ்களாக ஒட்டவைத்துப் பார்த்து முழுமை தெரிந்த பிறகே இயந்திரத்தை மறுபடி முடுக்கினேன். வாங்குமுன் அந்தப் பம்பு வரை உங்கள் கை எட்டுகிறதா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள்.