கேட்டு அனுப்புவதா, சுற்றில் விடுவதா: மலையகப் பொது நூலகங்களின் நூற்பகிர்வு

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதியில் கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை என ஊர்கள் வரிசையாக வந்தாலும், அவற்றின் பொது நூலகங்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. நுவரெலியா மாநகர சபைக்கும், ஹட்டன் – டிக்கோயா, தலவாக்கலை – லிந்துலை நகர சபைகளுக்கும், சுற்றியுள்ள பிரதேச சபைகளுக்கும் தனித்தனி வரவுசெலவுத் திட்டமும் தனித்தனிப் பதிவேடும் உண்டு. இத்தகைய நூலகங்கள் சில ஒன்றுசேர்ந்து நூல்களைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட்டபோது அந்தக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லா நூலகங்களுக்கும் பொதுவான கூட்டு நூற்பட்டியலை அமைத்து, வாசகர் கேட்கும் நூலை மட்டும் அது இருக்கும் இடத்திலிருந்து வரவழைப்பது. மற்றொன்று, ஒவ்வொரு நூலகமும் தன் நூல்களில் ஒரு பகுதியைப் பொதியாகக் கட்டி, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அடுத்த நூலகத்துக்கு அனுப்புவது. நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டிலும் வாசகருக்குக் கிடைக்கும் தெரிவு பெருகும், ஒரே நூலை எல்லோரும் வாங்கும் செலவு குறையும். இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. மென்பொருள் செலவும் பெரிய தடையன்று. நியூசிலாந்தின் ஒரு பொது நூலகத்துக்காக உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற நூலக மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லாமலே கிடைக்கிறது. நூற்பட்டியல்களுக்கான பொது நியமமாகிய மார்க் 21 வடிவில் பதிவுகளை வைத்துக்கொண்டால் பின்னர் வேறு மென்பொருளுக்கு மாறவும் முடியும்.

எங்கள் தீர்மானத்தை நிர்ணயித்தது பட்டியலைப் பேணும் வேலைதான். கூட்டுப் பட்டியல் தொடக்க நாளில் எவ்வளவு சரியாக இருந்தாலும், புதிய நூல் வரும்போதும் கிழிந்த நூல் கழிக்கப்படும்போதும் ஒரு நூல் இரவலில் இருக்கும்போதும் அதைத் திருத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். சிறிய நூலகமொன்றில் நூல் வழங்குபவர், பத்திரிகை அடுக்குபவர், மாணவர் கேள்விக்குப் பதில் சொல்பவர், சபைக்கு மாத அறிக்கை எழுதுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. அவர் விடுமுறையில் சென்றால் திருத்தம் நின்றுவிடும். திருத்தம் நின்ற பட்டியலை நம்பி ஹட்டனிலிருந்து கேட்கப்படும் நூல், நுவரெலியா அலுமாரியில் இல்லாமல் போகும். இரண்டு முறை அப்படி ஏமாந்த வாசகர் மூன்றாம் முறை கேட்கமாட்டார்.

தமிழ்ப் பதிவுகளுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் பழைய பட்டியல்கள் ஒருங்குறி (யுனிகோட்) அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினாலும் பிழைகள் எஞ்சும், எஞ்சிய பிழை தேடலில் அகப்படாது. ஆசிரியரின் தலைப்பெழுத்தை ஒருவர் பெயருக்கு முன்னும் மற்றவர் பின்னும் இடுகிறார். நாம் றொபேட் என்று எழுதுவதைத் தமிழகப் பதிப்பு ராபர்ட் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரே நூல் இரண்டு பதிவுகளாகக் கிடப்பதற்கு இவையே போதும். இதைச் சீராக்கப் பொறுப்பான ஒரு பட்டியலாளர் முழுநேரமாக வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது எந்தச் சபை என்ற கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை.

இதைவிடக் கனமானது கணக்கு. ஒவ்வொரு நூலும் ஒரு சபையின் பதிவேட்டில் ஏறிய சொத்து. வருடாந்தக் கணக்கெடுப்பில் அலுமாரியில் இல்லாத நூலுக்கு நூலகர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். சில வேளை பெறுமதியையும் கட்ட நேரும். அந்த அச்சம் உள்ளவரிடம், நாற்பது நூல்களை நாற்பது தனித்தனிச் சீட்டுகளில் பல ஊர்களுக்கு அனுப்பு என்றால், அவர் மறுக்காமலே தாமதிப்பார். பொதி முறையில் ஒரே பட்டியல், கொடுப்பவர் ஒரு கையொப்பம், பெறுபவர் ஒரு கையொப்பம். பொதி கைமாறும் ஒவ்வொரு தடவையும் நூல்கள் எண்ணப்படுவதால், கணக்கெடுப்பு தனியொரு வேலையாக இல்லாமல் சுழற்சியோடு சேர்ந்தே நடந்துவிடுகிறது. காணாமற்போனது எந்த ஊரில் என்பதும் நான்கு மாதத்துக்குள் தெரிந்துவிடும். சபைத் தீர்மானங்களில், பொதியைப் பெறும் நூலகமே இழப்பை ஏற்கும் என்ற ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான் தயங்கியவர்கள் உடன்பட்டார்கள்.

போக்குவரத்தில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. சபை வாகனம் வேறு வேலையாகப் போகும் நாளில் பொதியும் போகும். ஆனால் தென்மேற்குப் பருவ மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கைமாற்றம் வேண்டாம்; அங்கே அந்தச் சுற்று மட்டும் நான்கு மாதத்தைத் தாண்டும். மண்சரிவு வீதியை மூடுவது ஒருபுறம், நனைந்த தாள் இந்தக் குளிரில் காயாமல் பூஞ்சணம் பிடிப்பது மறுபுறம். அட்டைப் பெட்டிக்குப் பதிலாக மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. பதுளைப் பக்கத்தைச் சேர்ப்பவர்கள் வடகீழ்ப் பருவ மழையையும் கணக்கில் எடுத்து நாட்களைக் குறிக்க வேண்டும்.

பொதி முறை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். உயர்தரப் பரீட்சைக்குக் குறிப்பிட்ட ஒரு நூலை இந்த வாரமே தேடும் மாணவருக்கு அது உதவாது. அங்கே முதல் வழிதான் சரி. சிறுவர் நூல்களும் புனைகதைகளும் சுற்றில் நன்றாக ஓடுகின்றன. தொழில்நுட்ப நூல்கள் திறக்கப்படாமலே அடுத்த ஊருக்குப் போகின்றன. சிங்கள நூல்களையும் தமிழ் நூல்களையும் எந்த விகிதத்தில் கட்டுவது என்பதில் ஒரு நூலகத்துக்குச் சரியானது அடுத்ததற்குச் சரிவருவதில்லை. பிரதேச சபைச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை வழங்க வழி பிறந்திருப்பதால், தோட்ட வாசிகசாலைகளையும் சுற்றில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். எனினும் எங்கள் அனுபவம் நகர நூலகங்களுக்குள்ளேயே நின்றதால், இதை என் விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப் பட்டியலை நாங்கள் முற்றாகக் கைவிடவில்லை. இரவல் கொடுக்கப்படாத வர்த்தமானிகள், பழைய சஞ்சிகைகள், ஊர் வரலாற்றுத் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல் வைத்து, எந்த நூலகத்தில் பார்க்கலாம் என்பதையும் அதன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருக்கிறோம். இடம் மாறாத தொகுப்புகள் என்பதால், அந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தினால் போதுகிறது.