போஸ்ட்ஃபிக்ஸ்: பொறுமை உண்டு, முன்னறிவிப்பு இல்லை

திருகோணமலை நிலாவெளியில் உள்ள ஒரு சிறிய விடுதியின் மின்னஞ்சல் சேர்வரை நான்கு ஆண்டுகளாகப் போஸ்ட்ஃபிக்ஸ் கொண்டு நடத்திவருகிறேன். வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதிய இந்த இலவச மென்பொருள் 1998இல் வெளிவந்தது. சென்றுசேராத கடிதத்தை அது எவ்வாறு கையாளுகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

பெறும் சேர்வர் நிரந்தர மறுப்பைக் காட்டும், 5இல் தொடங்கும் குறியீட்டோடு மறுத்தால் கடிதம் உடனே திரும்பிவிடும். தற்காலிக மறுப்பைக் காட்டும், 4இல் தொடங்கும் குறியீடு வந்தாலோ இணைப்பே கிடைக்காவிட்டாலோ கடிதம் காத்திருப்பு வரிசைக்குச் செல்லும். அங்கு மறுமுயற்சிக்கு முன் முதல் இடைவெளி 5 நிமிடம். கடிதத்தின் வயது கூடக்கூட இடைவெளியும் ஏறத்தாழ இரட்டித்து, 4000 விநாடியில், அதாவது ஒரு மணித்தியாலத்தைச் சற்றுக் கடந்ததும் நின்றுகொள்ளும். அறிமுகமற்ற சேர்வரை முதலில் தட்டிக்கழித்து, மீண்டும் வந்தால் ஏற்கும் இடங்களில் கடிதம் விரைவில் சேர்வதற்கும், செயலிழந்து கிடக்கும் சேர்வரை ஓயாமல் தொந்தரவு செய்யாதிருப்பதற்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 5 நாட்கள் முயன்ற பிறகே அது கைவிடுகிறது. அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருட்களான சென்ட்மெயில் 4 மணித்தியாலத்திலும் எக்சிம் 24 மணித்தியாலத்திலும் தாமாகவே தாமத அறிவிப்பு அனுப்ப, போஸ்ட்ஃபிக்ஸில் அந்த வசதி நிறுவும்போது அணைக்கப்பட்டிருக்கிறது. சென்ற ஜூலையில், கடல் அமைதியாக இருந்து அறைகள் நிரம்பும் காலத்தில், ஒரு குடும்பத்துக்கு அனுப்பிய முன்பதிவு உறுதி அவர்களுடைய அஞ்சல்பெட்டி நிறைந்திருந்ததால் வரிசையில் தங்கிவிட்டது. "தம்பி, அவையளுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததோ?" என்று விடுதிக்கார அண்ணை கேட்டபோது, வரிசையைப் பார்க்காமலே "ஓம்" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் கடிதம் திரும்பியது. அவர்கள் அதற்குள் வேறிடம் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கோபத்தில் 5 நாளை 1 நாளாகக் குறைத்தது தவறு. மார்கழி மழையில் எங்கள் இணைப்பு இரண்டு நாள் துண்டிக்கப்பட்டபோது, பொறுத்திருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய கடிதங்களெல்லாம் திரும்பின. மின்னஞ்சல் நெறிமுறையான ஆர்எஃப்சி 5321உம் கைவிடுவதற்கு முன் 4, 5 நாட்களாவது முயலச் சொல்கிறது.

இப்போது 5 நாளை மீட்டுவைத்து, தாமத அறிவிப்பு எப்போது போகவேண்டும் என்பதைக் குறிக்கும் 'டிலே வார்னிங் டைம்' என்ற அமைப்பை மட்டும் 4 மணித்தியாலமாக்கியிருக்கிறேன். அறிவிப்பின் வாசகத்தை மாற்றவும் இடமிருப்பதால், "கடிதம் இன்னும் சேரவில்லை, முயற்சி தொடர்கிறது, அவசரமெனில் விருந்தினரைத் தொலைபேசியில் அழையுங்கள்" என்று தமிழிலேயே எழுதிவைத்தேன்.