தடிக் கட்டையில் காம்பவுண்ட் கட்டிங்: அஞ்சாம் நம்பர் பிளேடா, ஏழா, ஒன்பதா?

ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் மேசை மெஷின்) வாங்கியவர்கள் பிளைவுட்டில் பெயர்ப்பலகையும் சாவி மாட்டியும் வெட்டி அலுத்த பிறகு எப்படியும் சதுரங்கக் காய் பக்கம் வருவார்கள். சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் படத்தை ஒட்டி, முதல் முகத்தை வெட்டி, கழன்ற துண்டுகளைப் பழையபடி சேர்த்து டேப் சுற்றி, கட்டையைப் புரட்டி இரண்டாவது முகத்தையும் வெட்டினால் உள்ளே இருந்து குதிரையோ ராணியோ முழுசாக வெளியே வரும். இதுதான் காம்பவுண்ட் கட்டிங். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் அழகாக ஓடிய பிளேடு 40 மி.மீ. பலாக் கட்டையில் ஏன் கருகவைக்கிறது என்ற கேள்வியும் அங்கேதான் வரும்.

காரணம் மெஷினிலேயே இருக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் பிளேடு மேலும் கீழும் போய்வருவது 18 முதல் 20 மி.மீ. வரைதான். கட்டையின் தடிமன் 40 மி.மீ. என்றால், நடுவில் உள்ள பற்கள் மரத்துக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஒருபோதும் வெளியே வந்து தூளைக் கொட்டாது. அந்தத் தூள் ஒரு பல்லிடமிருந்து அடுத்த பல்லுக்குக் கைமாறித்தான் கீழே போயாக வேண்டும். அதனால் தடிக் கட்டைக்கு பிளேடு எடுக்கும்போது பல் எவ்வளவு கூர்மை என்பதைவிட, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தூள் தங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் தேர்வு எல்லாமே இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கில் முதலிலேயே கழிந்துபோவது நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் பயன்படுத்தும் வாள் பிளேடு. அதுவும் அஞ்சு அங்குலம்தான், மெஷினில் கச்சிதமாக மாட்டவும் செய்யும், பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஆசையும் வரும். ஆனால் நைசான நகை பிளேடில் அங்குலத்துக்கு ஐம்பதுக்கு மேல் பல், இடைவெளியே கிடையாது. உலோகத் தகட்டுக்கு அது சரி, தடி மரத்தில் புகைதான் வரும். சுற்றிலும் பல் உள்ள ஸ்பைரல் பிளேடும் வேண்டாம், வெட்டுத்தடம் அகலமாகி ஓரம் பிசிறடிக்கும். முனைகளில் மாட்டுவதற்குக் குறுக்கே சின்ன ஊசி (பின்) வைத்த பிளேடு ரொம்ப அகலம், குதிரையின் தாடைக்கு அடியில் திரும்பவே திரும்பாது.

மிச்சம் இருப்பது பல் விட்டுப் பல் உள்ள ஸ்கிப் வகை. அதில் ரிவர்ஸ் பல் உள்ளதா, இல்லாததா? ரிவர்ஸ் என்றால் கீழ்ப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிமுகத்தில் சிராய் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். பிளைவுட் வேலைக்கு நான் இதைத்தான் போடுவேன். காம்பவுண்ட் வேலையில் கதை வேறு. கட்டையின் வெளிமுகம் பெரும்பாலும் கழிவாகப் போகிறது. உருவம் இருப்பது உள்ளே. கழிவில் சிராய் வந்தால் யாருக்கு நஷ்டம்? பலன் இல்லாதது போக, கீழே இறங்க வேண்டிய தூளை இந்தப் பற்கள் திரும்ப மேலே தள்ளிவிடும், பிளேடு சூடாகும். ஆகவே எனக்கு ரிவர்ஸ் இல்லாத ஸ்கிப்தான். ஓல்சன் கம்பெனியின் பிஜிடி (பல்லைச் சாணை பிடித்துச் செய்தது) மாதிரி சில நல்ல பிளேடுகள் ரிவர்ஸ் பல்லோடுதான் வருகின்றன; அவற்றைக் கீழ்க் கவ்வியில் இன்னும் கொஞ்சம் இறக்கி மாட்டி, அந்தப் பற்கள் மேசைக்கு மேலே தலைகாட்டாமல் செய்துவிடலாம்.

சரி, நம்பர். அஞ்சாம் நம்பர் ஸ்கிப் ஏறத்தாழ ஒரு மி.மீ. அகலம், அங்குலத்துக்குப் பன்னிரண்டு பல் பக்கம். ஏழு அதைவிடச் சற்று அகலம், பல் கொஞ்சம் குறைவு. ஒன்பது 1.3 மி.மீ.க்கு மேல் போகும். காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் தடிக் கட்டையில் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாலே அஞ்சாம் நம்பர் நடுவில் வில்லாக வளையும். மேலே கோட்டின் மேல் ஒழுங்காகப் போவது போலத்தான் இருக்கும், துண்டை உருவினால்தான் நடுவில் வயிறு தள்ளியிருப்பது தெரியும். ஒன்பது அப்படி வளையாது, வேகமும் உண்டு. ஆனால் சிப்பாயின் கழுத்தில் திரும்ப இடம் வேண்டும், அகலத்தால் முரண்டு பிடிக்கும். அதைவிட முக்கியம், காம்பவுண்ட் வேலையில் வெட்டுத்தடத்தின் சுவர்தான் காயின் மேற்பரப்பு. ஒன்பது கீறிவிட்ட வரிகளை உட்குழிவுகளில் உப்புத்தாள் போட்டு எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

தடம் அகலமாவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் முகம் வெட்டி முடித்ததும் துண்டுகளை இறுக்கிச் சேர்த்துக் கட்டுகிறோம் இல்லையா, அப்போது தடத்தின் அகலம் அளவுக்குக் கட்டை ஒடுங்கும். தடம் அகலமாக ஆக இரண்டாவது முகத்தில் உள்ள படம் அவ்வளவுக்கு விலகும். அதனால் 30 மி.மீ. வரை அஞ்சு, அதற்கு மேல் ஏழு என்பது என் பழக்கம். ஒன்பது பெரிய பொம்மைகளுக்கு மட்டும்.

அடுத்து விலை விஷயம். அச்சில் அடித்த சாதா பிளேடில் ஒரு பக்கம் சின்னப் பிசிர் இருக்கும், விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதனால் வெட்டு ஒரு பக்கமாக இழுக்கும், கட்டையைச் சற்றுச் சாய்த்துத் தள்ளித்தான் கோட்டில் நிறுத்த முடியும். பல்லைச் சாணை பிடித்துச் செய்த பிளேடில் இந்த இழுப்பு குறைவு, சுவரும் வழவழப்பாக வரும். விலை கூடுதல், ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் நம்பர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கையில் பிடித்து வெட்டும் ஜிக்சா மெஷினுக்கான பிளேடை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு இரண்டுமே வேண்டும்: பழகவும் கரடுமுரடான உருவத்துக்கும் சாதா, நல்ல மரத்தில் சதுரங்க செட் செய்ய சாணை பிடித்தது.

மரமும் தேர்வை மாற்றும். குலசேகரம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம், மருந்து ஏற்றி உலர்த்தியதாக இருந்தால், அஞ்சாம் நம்பருக்கே இணங்கும்; ஆனால் சீக்கிரம் கருகும், இடைவிட்டு வெட்டுங்கள். பலாவும் அயனியும் ஒரே குடும்பம், இழை அங்கங்கே குறுக்கே ஓடி பிளேடைத் தன் வழிக்கு இழுக்கும், அங்கே ஏழுதான். தேக்கில் மணல்சத்து இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கிவிடும், விலையுயர்ந்த பிளேடை அதில் போட மனசு வராது, சாதா ஏழாம் நம்பரை மாட்டி மழுங்க மழுங்க மாற்றுவதுதான் லாபம். நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் பெய்வதால் ஈரம் காயாத கட்டை எதுவானாலும் ஒதுக்குங்கள், தடம் நெருங்கி பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

பிளேடு மாற்றும் முன் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே 40 மி.மீ. கட்டையில் மேலுக்கும் கீழுக்கும் 0.7 மி.மீ. விலகும், எந்த நம்பராலும் அதைச் சரிசெய்ய முடியாது. படத்தின் மேல் அகலமான பேக்கிங் டேப் ஒட்டினால் கருகல் குறையும். புதிதாகத் தொடங்குபவர் சாதா ஸ்கிப் ஏழில் ஒரு டஜனும் சாணை பிடித்த அஞ்சில் அரை டஜனும் வாங்கினால் போதும். கடல் காற்றில் துரு ஏறும், மூடியுள்ள குழாயில் போட்டு வையுங்கள்.