கலப்பினச் செம்பருத்தி: விதையா, குச்சியா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் விதையில் முளைத்த செடி, குச்சி ஊன்றி வளர்த்த செடி இரண்டும் உண்டு.

கலப்பினச் செடியில் பல மூதாதைகளின் மரபணுக்கள் கலந்திருக்கும். விதை உருவாகும்போது அவை சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து, ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு கை விழும். ஒரே காயில் எடுத்த நான்கு விதைகள்: ஒன்று மங்கிய ஆரஞ்சு, ஒன்று நடுவில் ரத்தச் சிவப்போடு மஞ்சள், ஒன்று வெளிறிய ரோஸ். நான்காவது இன்னும் பூக்கவே இல்லை. தாய்ச் செடியின் நிறம் பூத்த மூன்றில் எதற்கும் வரவில்லை!

குச்சி அப்படியில்லை. பென்சில் பருமனில் வெட்டி ஈரமணலில் ஊன்றினால் அதே மரபணு, அதே பூ. சில ரகம் வேர்விட அடம்பிடிக்கும். அதற்கு நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி மேல் ஒட்டுக் கட்டவேண்டும். அப்புறம், தாய்க்கு எளிதில் தொற்றும் நோய் பிள்ளைக்கும் தொற்றும்.

பூஜைக்கு ஒரே நிறம் வேண்டுமானால் குச்சி. எனக்கு அந்த நான்காவது செடிமேல்தான் கண்.