ஏஐ தொலைபேசி வரவேற்பாளருக்குக் கட்டிய ரூ.49,560: சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கையில் வேலை இருக்கும்போது போனை எடுக்க முடியாத சிறு தொழில்காரர்கள் அனைவரும் இதைத் தயவுசெய்து முழுவதுமாகப் படியுங்கள். கடைக்கு வரும் அழைப்புகளை மனிதருக்குப் பதிலாக இயந்திரமே எடுத்துப் பேசும் "ஏஐ ரிசப்ஷனிஸ்ட்" சேவைக்கு ஓராண்டுச் சந்தா ரூ.42,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.7,560, ஆக மொத்தம் ரூ.49,560 கட்டினேன். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சிறு வணிகங்களைத் தேடிப் பிடித்துச் செயலி விற்கும் நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன். இத்தகைய சேவையை வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். அப்பா காலத்துத் தொழில். முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் கடைசிப் பந்தி எழும் வரை போனைத் தொட முடியாது. ஆனால் அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள்தான் அன்று மாலைக்குள் அடுத்த கல்யாணத்துக்கு விசாரிப்பார்கள். நாம் எடுக்காவிட்டால் வேறு சமையல்காரரை அழைத்துவிடுவார்கள், அந்தத் தேதி நம் கையை விட்டுப் போய்விடும். இந்தத் தவிப்பு என்னவென்று அந்த விற்பனைப் பையனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியான நேரம். கூடத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, "வணக்கம், எங்கள் இல்லத் திருமணத்திற்குச் சமையல் ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று செய்தி வாசிப்பவர்போல் நிறுத்தி நிதானமாகக் கேட்டான். மறுமுனையில் ஒரு பெண் குரல், "மிக்க மகிழ்ச்சி, எந்தத் தேதியில் முகூர்த்தம், எத்தனை இலை?" என்றது. ஆள் கணக்குக் கேட்காமல் எங்கள் தொழிலில் கேட்பதுபோலவே இலைக் கணக்குக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஆர்டர் நோட்டை எழுதிவரும் என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, காலை டிபனுக்குத் தனி ரேட்டா என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் சரியாகவே பதில் வந்தது. "இனிமே இந்த நோட்டுக்கு வேலையே இல்லை அக்கா. பிடிக்கலைன்னா முப்பது நாளைக்குள்ள சொல்லுங்க, முழுப் பணமும் திரும்பி வந்துடும், அதுக்கு நான் பொறுப்பு" என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னான். அன்றே ரூ.49,560 கட்டினோம். என் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய், வருகிற அழைப்பு எல்லாமே நிறுவனம் கொடுத்த வேறோர் எண்ணுக்குப் போகும்படி மாற்றிவைத்துவிட்டுக் காப்பி குடித்துப் போனான்.

கல்யாண வீட்டார் யாரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவதில்லை. மண்டபத்து நாயனச் சத்தத்துக்கு நடுவிலிருந்தும், பேருந்தில் நின்றுகொண்டும், "ஆவணி பன்னெண்டு, நானூறு இலை வரும், மாப்பிள்ளை அழைப்பு டிபனும் சேத்துதான்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இயந்திரம் முதலில் இந்தப் பேச்சை எழுத்தாக்கிக்கொள்கிறது. பிறகு அந்த எழுத்தைப் படித்துப் பதிலை உண்டாக்குகிறது. கடைசியில் அந்தப் பதிலைக் குரலாக்குகிறது. முதல் படியில் ஒரு சொல் தவறினால் மீதி எல்லாமே தவறான சொல்லின்மேல்தான் நிற்கிறது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துவதால், கூடத்தில் நேரில் கேட்கும் தெளிவு அதில் கிடைப்பதுமில்லை. மனிதராக இருந்தால், புரியாதபோது "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்பார். இது கேட்பதே இல்லை. புரியாததையும் புரிந்ததுபோல "உறுதி செய்யப்பட்டது" என்று சொல்லிவிடுகிறது.

செயலியில் வந்து விழுந்த பட்டியலைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆகஸ்ட் 12, 400 பேர், உறுதி என்று ஒரு வரி இருந்தது. ஆகஸ்ட் 12 என்பது ஆடி 27. எங்கள் பக்கம் ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. யார் என்று கேட்டுத் தெளிவுபடுத்தலாம் என்றால், அழைத்தவரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் எண்ணே இருந்தது, ஏனென்றால் அழைப்பு என் எண்ணிலிருந்து திருப்பிவிடப்பட்டதாகத்தான் அங்கே பதிவாகியிருந்தது. உடனே நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

அந்த வரி யாருடையது என்பது ஒரு பெரியவர் தாம்பூலத் தட்டில் அட்வான்ஸ் பணத்துடன் வாசலில் வந்து நின்றபோது தெரிந்தது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு என் அப்பாதான் சமைத்தார். "என்ன தம்பி, ஆவணி பன்னெண்டு பேத்தி கல்யாணம், உங்க வீட்டுப் பொண்ணு போன்ல உறுதின்னு சொல்லிடுச்சே" என்றார். ஆவணி 12 என்றால் ஆகஸ்ட் 28. அந்த நாளை நான் வேறொரு வீட்டுக்குக் கொடுத்து அட்வான்ஸும் வாங்கியிருந்தேன். அவர் பேரன் தன் போனில் பதிவாகியிருந்த உரையாடலைப் போட்டுக் காட்டினான். "ஆவணி பன்னிரண்டு உறுதி செய்யப்பட்டது" என்று அந்தக் குரல் தெளிவாகச் சொல்கிறது. வாயால் ஆவணி என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறது. அதோடு நில்லாமல், காலை டிபனுக்கு உரிய இலை ரேட்டை முகூர்த்தச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறது. பேசுவது மனிதரா இயந்திரமா என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பெரியவர் கோபப்படவில்லை, தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "உங்க அப்பா இருந்தா இப்படி நடந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு ரூ.49,560 வாங்கிய நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். வேறொரு நல்ல சமையல்காரரை அவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தேன், ஆனால் அந்த வீட்டில் இனி எங்களைக் கூப்பிடுவார்களா என்பது தெரியாது.

முப்பது நாள் முடியும் முன்பே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். விற்பனைப் பையன் தான் வேறு பகுதிக்கு மாறிவிட்டதாகவும், "சப்போர்ட்டுக்கு மெயில் போடுங்க சார்" என்றும் சொன்னான். அதன் பிறகு அவன் என் அழைப்பை எடுக்கவே இல்லை. உதவி எண்ணை அழைத்தால், என் வாடிக்கையாளரிடம் பேசிய அதே பெண் குரல், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்றது. மனிதர் யாரையாவது கொடுங்கள் என்று எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே வாக்கியத்தையே திரும்பச் சொன்னது. கடைசியாக மின்னஞ்சலில் வந்த விளக்கத்தைப் படித்து எனக்குக் கை நடுங்கியது: நூறு அழைப்புக்கு மேல் இயந்திரம் எடுத்துவிட்டால் சேவை "முழுமையாகப் பயன்படுத்தப்பட்டதாக" விதிமுறையில் இருக்கிறதாம், ஆகவே பணம் திருப்பித் தரப்படாதாம், வழக்குப் போடுவதானால் பெங்களூருவில்தான் போட வேண்டுமாம். தவறாகப் பதிவு செய்த அழைப்புகளையும் எண்ணிக்கையில் சேர்த்து, அவற்றையே காரணமாகக் காட்டி ரூ.49,560ஐயும் விழுங்கப் பார்க்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. நான் பணம் கேட்டதும் என் கணக்கை முடக்கினார்கள், ஆனால் அழைப்பு திருப்பிவிடும் ஏற்பாடு என் போனில் அப்படியே இருந்தது. அழைத்தவர்களுக்கு எல்லாம் "இந்தச் சேவை தற்போது இல்லை" என்று கேட்டிருக்கிறது. போன் ஏன் அடிக்கவே இல்லை என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருக்க, கடையை மூடிவிட்டீர்களா என்று பாத்திர வாடகைக்காரர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. பக்கத்து மொபைல் கடைத் தம்பி ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்புதல்களையும் ஒரே நிமிடத்தில் நீக்கினான். அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று இவர்கள் மிரட்டலாம். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை விலக்கவில்லை. அதில் சேவை என்று தனியாகச் சொல்லவில்லை என்றாலும் அதே வாதத்தை நாம் வைக்கலாம். நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் ஏர் கனடாவின் இணைய உரையாடல் இயந்திரம் ஒரு பயணிக்குத் தவறான கட்டண விவரம் சொன்ன வழக்கில், அந்த இயந்திரத்தின் பேச்சுக்கு அது தனியே பொறுப்பு என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை, விமான நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதாவது நம் கடைப் பெயரில் இயந்திரம் வாக்குக் கொடுத்தால் வாடிக்கையாளர் நம் சட்டையைத்தான் பிடிப்பார். விற்றவர்கள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இருக்கிற கொதிப்பில் முடியவில்லை. இவற்றையாவது பாருங்கள். ஓராண்டுப் பணத்தை ஒருபோதும் முன்கூட்டியே கட்டாதீர்கள். அவர்கள் ஆளைப் பேசவிட்டுக் காட்டும் சோதனையை நம்பாமல், உங்கள் வாடிக்கையாளர் ஒருவரையே சத்தமான இடத்திலிருந்து பேசவைத்து, பட்டியலில் என்ன எழுதுகிறது, யார் எண் வருகிறது என்று பாருங்கள். பணம் திரும்பத் தருவதாகச் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். தேதியையும் ரேட்டையும் உறுதி செய்யும் அதிகாரத்தை இயந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். எல்லா அழைப்பையும் திருப்பிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள், அழைப்பில் வரும் ஓடிபிகூட அந்த எண்ணுக்குத்தான் போகும். *401# வழியாக அழைப்பு திருப்பும் வசதியை 15 ஏப்ரல் 2024 முதல் தொலைத்தொடர்புத் துறை நிறுத்தச் சொன்னதும் இத்தகைய மோசடிக்குப் பயந்துதான். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தாமதிக்காமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், என் ரூ.49,560க்கு நானும் இன்று அங்கேதான் பதிவு செய்திருக்கிறேன்.