வெயிலில் அச்சிட மஞ்சளா, கீரையா, பீட்ரூட்டா?

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தினால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. சோப்பு பட்டதும் கறை சிவக்கும். அலசி மாடிக் கொடியில் போட்டால் வேலூர் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதே மஞ்சளைத் தாளில் பூசி, மேலே ஒரு வேப்பிலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். இலை இருந்த இடம் மஞ்சளாக நிற்கும், மற்றதெல்லாம் வெளுத்துவிடும். செடிச்சாய அச்சு இவ்வளவுதான். ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் பூச்சாறுகளை வைத்து இதைச் செய்து பார்த்து 1842-லேயே எழுதிவிட்டார். நெகட்டிவ்கூட வேண்டாம், ஓ.எச்.பி. ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் போட்டோவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் போதும்.

இந்தக் கோடையில் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன்.

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் சாயம் தயார். நிறம் கொள்ளை அழகு. ஆனால் ஐந்தாம் நாளும் இலையின் உருவம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதற்குள் எறும்பு வேறு மோப்பம் பிடித்துவிட்டது. இரண்டே தாள்தான் போட்டேன், அதனால் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கீரையை ஸ்பிரிட் விட்டு அரைத்து வடிகட்ட வேண்டும். நான்கு நாள் பிடித்தது. கோட்டை அகழியின் படத்துக்கு அந்தப் பச்சை நிறம் மஞ்சளைவிடப் பொருத்தமாகவே இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இருந்தாலும் என் ஓட்டு மஞ்சளுக்கு. மருந்துக் கடை ஸ்பிரிட் நூறு மில்லியில் இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கலக்கியது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் உடனே இறங்கும். தெளிந்ததும் கெட்டியான டிராயிங் தாளில் இரண்டு கை பூசி, கட்டிலுக்கடியில் உலர்த்தினேன். காலை பத்துக்கு வெயிலில் வைத்து ஒரு மணிக்கு எடுத்தபோது வேப்பிலையின் ரம்பப் பல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

எல்லாம் இந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. நாள்கணக்கில் வெயில் காட்டுவதென்றால் தினமும் சாயங்காலம் கண்ணாடிச் சட்டத்தைக் கீழே இறக்கி, காலையில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒருமுறை இலை நூலளவு நகர்ந்தாலும் ஓரம் இரட்டையாக விழும். பச்சை இலை கண்ணாடிக்குள் வியர்த்துத் தாளில் திட்டுத் திட்டாக ஊறும். நாலாம் நாள் கோடைமழை பிடித்தால் அவ்வளவும் போச்சு. மஞ்சளில் காலையில் சொதப்பியதை மதியமே திருத்தலாம். இலையை முதல் நாள் இரவே நியூஸ்பேப்பருக்குள் அழுத்தி வைக்க வேண்டும் என்பதை நான் ஒரே நாளில் மூன்று தாளைப் பாழாக்கித்தான் கற்றேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கறைய வெயில்ல போக்கறதுக்கு இன்னாடா இவ்ளோ கூத்து?" என்றார்.

சீக்கிரம் வெளுப்பது பிறகும் வெளுக்கும். அதுதான் மஞ்சளின் கோளாறு. மூன்றில் எதையுமே நிரந்தரமாக நிறுத்த வழியில்லை, ஆனால் மஞ்சளுக்கு அவசரம் அதிகம். ஹாலில் ஜன்னலோரம் மாட்டிய முதல் படத்தில் ஆடி பிறப்பதற்குள் இலை தாளோடு கரைந்துவிட்டது. இப்போது எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். வெண்காரக் (போராக்ஸ்) கரைசலை மேலே தடவினால் மஞ்சள் செம்பழுப்பாகிப் படம் எடுப்பாகிறது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் வேலை மாதிரி. அது கூடுதல் நாள் தாங்குமா என்று கேட்காதீர்கள், என்னுடையதற்கு இரண்டு மாதம்தான் ஆகிறது.

வாங்கும்போது ஒன்று: கஸ்தூரி மஞ்சளை வாங்கிவிடாதீர்கள். முகத்துக்கு நல்லதுதான், ஆனால் தாளில் சோகை பிடித்தாற்போல இருக்கும். நான் வாங்கியது அப்படித்தான் வீணானது. சமையலுக்கான விரலி மஞ்சளைக் கேட்டு வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.