நின்று நின்று ஓடும் ஏசி: சர்வீஸா, கேஸா, இன்வெர்ட்டரா?

மே மாதத்துச் சென்னை இரவில் படுக்கையறை ஏசி ஐந்து நிமிடம் ஓடி நின்று, சற்றுக் கழித்து மறுபடியும் ஓடி, மறுபடியும் நின்றால், வீட்டுக்காரர் முன் வழக்கமாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. மெக்கானிக்கை அழைத்து வாட்டர் சர்வீஸ், அதாவது தண்ணீர் பீய்ச்சித் தூசியைக் கழுவும் வேலை, செய்வது ஒன்று. குழாய்களுக்குள் சுற்றிக் குளிரைத் தரும் கேஸை நிரப்பிக்கொள்வது ஒன்று. கெப்பாசிட்டரையோ ஸ்டெபிலைசரையோ மாற்றுவது இன்னொன்று. பழையதைக் கொடுத்துவிட்டு கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசி வாங்குவது கடைசி. இந்த நான்கும் வெவ்வேறு கோளாறுகளுக்கு உரியவை என்பதால், எது மலிவு, எது நல்லது என்று மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்துவது யார் என்பதை முதலில் கண்டுகொண்டால்தான் ஒப்பீட்டுக்கே பொருள் உண்டு.

இன்வெர்ட்டர் அல்லாத ஏசியின் கம்ப்ரஸருக்கு முழு வேகம், ஓய்வு என்ற இரண்டு நிலைகளே உண்டு. அறை கேட்ட குளிர்ச்சிக்கு வந்ததும் நின்று, ஒன்றிரண்டு டிகிரி ஏறியதும் மறுபடி ஓடுவது அதன் இயல்பு. மணிக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து முதல் இருபது நிமிடம் வரை ஓடினால் அதைக் கோளாறு என்று எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அதைவிடக் குறைந்த நேரம் ஓடி அடிக்கடி நின்றால்தான் விசாரிக்க வேண்டும். அப்போது நிற்கும் விதம், ஓடும் விதத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

அவுட்டோர் யூனிட்டின் ஃபேனும் கம்ப்ரஸரும் ஒன்றாக நின்று, உள்ளே காற்று மட்டும் தொடர்ந்து வந்தால், நிறுத்தச் சொன்னது இன்டோர் யூனிட்டில் உள்ள சென்ஸர்தான். அறை உண்மையிலேயே குளிர்ந்திருக்கலாம், அல்லது காயிலில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டாமல் காக்கும் சென்ஸர் தலையிட்டிருக்கலாம். அவுட்டோர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்க, கம்ப்ரஸரின் உறுமல் மட்டும் அடங்கிவிட்டால், பெரும்பாலும் கம்ப்ரஸரின் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் வெட்டியிருக்கிறது. சூடு அல்லது கரன்ட் எல்லை மீறியதால் கம்ப்ரஸர் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது என்று பொருள். சென்ஸர் நிறுத்திய கம்ப்ரஸர், குழாய்களில் அழுத்தம் சமமாவதற்காக வைத்திருக்கும் ஏறக்குறைய மூன்று நிமிட இடைவெளி கழிந்தபின் அறைக்குத் தேவைப்பட்டவுடன் ஓடும். ஓவர்லோடு வெட்டியதோ, இரும்புக் கூடு ஆறும் வரை பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். இன்டோர் யூனிட்டின் விளக்கே அணைந்து எல்லாமாக நின்றால், ஏசியை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு நாற்காலியைப் பால்கனியில் போட்டு, கடிகாரத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். மெக்கானிக் வருவதற்கு முன் இதைச் செய்யும்படி எல்லோரையும் நான் வற்புறுத்துவேன்.

இனி முதல் இரண்டு வழிகள். சர்வீஸையும் கேஸையும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே பலரும் பேசுகிறார்கள். உண்மையில் ஒன்று முடிந்த பிறகே மற்றதைப் பற்றி முடிவெடுக்க முடியும். ஃபில்டரிலும் காயிலிலும் தூசி படிந்தால் காற்றோட்டம் குறைகிறது. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, ஈரம் உறைபனியாகப் படிகிறது. உறையும் நிலையைக் கண்ட சென்ஸர் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. கேஸ் குறைந்தாலும் காயிலில் அழுத்தம் தாழ்ந்து அதே உறைபனி வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம். நம் ஊர்ச் சாதாரண ஸ்ப்ளிட் ஏசிகளில், கேஸ் குறைந்தால் அவுட்டோர் வால்வில் சேரும் மெல்லிய குழாயிலும் காயிலின் தொடக்கத்திலும் மட்டும் பனி பிடித்து, மீதிக் காயில் வறண்டு வெதுவெதுப்பாக இருக்கும். காற்றோட்டம் குறைந்திருந்தால் காயில் முழுவதும் பனி பரவி, தடித்த குழாய் வரைக்கும் வரும்.

மெக்கானிக் அழுத்தத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்துத்தானே சொல்கிறார் என்று கேட்கலாம். தூசி அடைத்த ஏசியிலும் கேஜ் முள் தாழ்வாகவே காட்டும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். அந்த அளவைப் பார்த்துக் கேஸ் ஏற்றிவிட்டு, பிறகு ஃபில்டரைக் கழுவிக் காற்றோட்டத்தைச் சரிசெய்தால், உள்ளே கேஸ் அளவுக்கு அதிகமாகிவிடுகிறது. அடுத்த நாள் மதியம் வெயிலில் அழுத்தம் ஏறி ஓவர்லோடு வெட்டத் தொடங்கும். ஒரு காரணத்தால் நின்றுகொண்டிருந்த இயந்திரம் இப்போது வேறு காரணத்தால் நிற்கும். என் வீட்டிலேயே இது நடந்தது. முதலில் வந்தவர் ஃபில்டரைத் திறந்தும் பார்க்காமல் கேஸ் ஏற்றினார். இரண்டாவதாக வந்தவர் காயிலைக் கழுவி, ஏற்றிய கேஸில் ஒரு பங்கை மீட்டெடுத்து, அவுட்டோர் யூனிட்டின் விவரத் தட்டில் எழுதியிருந்த எடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஏசி ஒழுங்காக ஓடியது. இடையில் போன பணத்தைவிட, அந்தப் பத்து நாள் கம்ப்ரஸர் பட்ட பாடுதான் எனக்கு இன்னமும் வருத்தம் தருகிறது.

கேஸ் என்பது பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்க வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் நிரப்பும் ஒப்பந்தத்தைவிட, ஒரு முறை நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஒழுகும் இடத்தைக் கண்டு அடைத்து, வேக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, அவுட்டோர் யூனிட்டின் தட்டில் கிராமில் குறித்துள்ள எடையைத் தராசில் வைத்து நிரப்புவது, முதலில் செலவு கூடினாலும், எல்லா வகையிலும் மேலானது. ஆர்-32 கேஸ் உள்ள ஏசிகளில் இன்னொரு கவனமும் தேவை: அது மெல்ல எரியக்கூடிய வகையைச் சேர்ந்தது, அழுத்தமும் பழைய ஆர்-22ஐவிட மிக அதிகம், அதற்குரிய கருவியும் பழக்கமும் உள்ளவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். வெளிப்புறக் காயிலைக் கழுவாத சர்வீஸும் பாதி சர்வீஸ்தான். கடலோரத்து உப்புக்காற்றும் தெருப்புழுதியும் படிந்த அவுட்டோர் யூனிட், அதுவும் நான்கு பக்கமும் சுவர் அடைத்த குறுகிய பால்கனியில் தான் வெளிவிட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு நின்றால், மதியத்தில் ஓவர்லோடு வெட்டுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. அதன் முன்னால் உலர்த்தக் கட்டிய துணிக்கொடியை அவிழ்ப்பதற்குக் காசும் செலவாகாது.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒன்றரை டன் ஏசியில் கம்ப்ரஸர் எழுந்து ஓட உதவும் ரன் கெப்பாசிட்டர், மாடலுக்கேற்ப 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை இருக்கும்; அது வலுவிழந்தால் கம்ப்ரஸர் முனகிவிட்டு எழாமல் நின்றுவிடும், ஓவர்லோடு வெட்டும், ஆறும், மறுபடி முனகும். மீட்டரில் வைத்து அளந்து, எழுதியிருக்கும் அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். இந்த நான்கில் மிகக் குறைந்த செலவில் முழுக் குணம் தருவது இதுதான். கோடை மாலையில் தெருவே ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் தாழ்ந்து, ஸ்டெபிலைசர் வெட்டி வெட்டிச் சேர்ப்பதும் உண்டு. அப்போது ஏசியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், முதலில் மின்வாரியத்தில் புகார் கொடுத்து, வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டும்.

நான்காவது வழியில்தான் பெரிய தொகை போகிறது. ஆகவே அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியை விற்பவர்கள், பழைய ஏசி ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பதை முதல் காரணமாகச் சொல்வார்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரன்ட், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஏறுவது உண்மை. ஆனால் அது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே நீடிக்கும். 40 ஆம்பியர் அரை நொடிக்கு என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்குப் பத்து முறை ஸ்டார்ட் ஆனாலும் ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் அழுத்தங்களைப் பிரித்துக் காயிலைக் குளிரவைக்கும் வரை ஓடும் நிமிடங்களில் அறைக்கு முழுக் குளிர் கிடைப்பதில்லை. ஐந்து நிமிட ஓட்டத்தில் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே போய்விடுகிறது. கம்ப்ரஸரின் ஆயுளும் தேய்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஈரப்பதத்தில். காயில் நன்றாகக் குளிர்ந்து, அதில் படிந்த நீர் திரண்டு டிரெயின் குழாய் வழியே வெளியேறுவதற்குப் பல நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். ஏசி அதற்குள் நின்றுவிட்டால், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் காயிலில் இருந்த ஈரத்தை மறுபடியும் அறைக்கே ஊதிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குளிர்ந்தும் பிசுபிசுப்பாக, போர்வையில் ஈர வாடையோடு இருக்கும் அறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அந்த அறைகளில் பொதுவாக மாட்டியிருப்பது தேவைக்கு மிஞ்சிய டன் ஏசியாக இருக்கும். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். நூற்றுப்பத்துச் சதுர அடி அறைக்கு, அது மொட்டை மாடியை ஒட்டிய கடைசித் தளத்தில் இல்லையென்றால், ஒரு டன்னே தாராளம். இருந்தும் "கொஞ்சம் பெரிசாவே போட்டுடுங்க சார், சீக்கிரம் ஜில்லுன்னு ஆயிடும்" என்ற கடைக்காரரின் ஒரே வாக்கியத்தால் ஒன்றரை டன் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த நிலையில், ஒன்றரை டன் பழைய ஏசியைக் கொடுத்து ஒன்றரை டன் இன்வெர்ட்டரே வாங்கினால் தீருமா? பாதிதான் தீரும். இன்வெர்ட்டர், கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொண்டு நிற்காமல் ஓட முயல்கிறது. ஆனால் அதன் வேகத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஐந்து கிலோவாட் திறனுள்ள ஒன்றரை டன் இயந்திரம் ஒன்றரைக் கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். மார்கழி நள்ளிரவில் இரண்டு பேர் உறங்கும் மூடிய சிறிய அறையில் சேரும் வெப்பம் அதைவிடக் குறைவாக இருந்தால், இன்வெர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும். ஒரு டன் இன்வெர்ட்டரின் கீழ் எல்லை இன்னும் தாழ்வாக இருக்கும் என்பதால், அதே அறையில் அது இரவெல்லாம் மெல்ல ஓடி, ஈரத்தையும் தொடர்ந்து இறக்கும். ஆகவே சிறிய அறைக்கு ஒன்றரை டன் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டரையும் ஒரு டன் மூன்று ஸ்டார் இன்வெர்ட்டரையும் அருகருகே வைத்தால், நான் இரண்டாவதையே எடுப்பேன். வாங்குமுன் விவரப் பட்டியலில் குறைந்தபட்சத் திறன் எத்தனை வாட் என்று கேட்பது, ஸ்டாரை எண்ணுவதைவிடப் பயனுள்ள கேள்வி.

ஸ்டார் லேபிளையும் சரியாகப் படிக்க வேண்டும். 2018 முதல் இன்வெர்ட்டருக்கும் மற்றதற்கும் ஒரே ஐஎஸ்இஇஆர் (பருவம் முழுவதற்குமான மின்திறன் விகிதம்) அளவுகோல்தான். லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1600 மணி நேர ஓட்டத்தை வைத்துப் போடப்பட்டது. கோடை மூன்று மாதம், இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஏசி போடும் வீட்டில் ஓட்டம் ஏறக்குறைய 720 மணி நேரமே. லேபிள் காட்டும் சேமிப்பில் பாதிகூட வராது. ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓட்டும் வீட்டுக்கு இன்வெர்ட்டரின் கூடுதல் விலை விரைவில் திரும்பிவிடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. மறுபக்கம், வாரன்டி முடிந்தபின் இன்வெர்ட்டரின் போர்டு பழுதானால் ஆகும் செலவு, பழைய ஏசியின் கெப்பாசிட்டர் செலவைப் போலப் பல மடங்கு. பல்லி புகுந்து போர்டைக் கெடுப்பது நம் வீடுகளில் அரிதான நிகழ்ச்சி இல்லை. அவ்வப்போது மட்டும் பயன்படுத்தும் விருந்தினர் அறைக்கு, சரியான டன்னில் சாதாரண ஏசியே போதும் என்பது என் முடிவு.

பெரிய டன்னில் இன்வெர்ட்டர் அல்லாத ஏசி ஏற்கெனவே வீட்டில் இருந்து, கம்ப்ரஸரும் நன்றாக இருந்தால், அதற்காகவே புதிதாக வாங்க வேண்டியதில்லை. 2020 முதல் ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. சிறிய அறையில் அதையும் 26 ஆக்கி, மேலே சீலிங் ஃபேனை மெதுவாக விட்டாலே போதும். ஏசியின் சொந்த ஃபேன் வேகத்தைக் குறைத்தால், கம்ப்ரஸர் சற்று நீண்ட நேரம் ஓடி ஈரத்தை இறக்கும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் மட்டுமே ஃபேன் வேகத்தைக் குறைக்கலாம். இல்லையென்றால் காயில் உறைந்துவிடும். இன்டோர் யூனிட்டின் காற்று வரும் வழியில் திரைச்சீலையோ பரண் பலகையோ தடுத்து, குளிர்ந்த காற்று உடனே சென்ஸருக்குத் திரும்புகிறதா என்பதையும், சென்ஸர் தன் கிளிப்பிலிருந்து நழுவிக் காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் அடுத்த சர்வீஸின்போது அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். என் அறையில் இத்தனையும் செய்த பிறகு, ஐந்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்த அதே ஒன்றரை டன் ஏசி இப்போது பன்னிரண்டு நிமிடம் ஓடி நிற்கிறது. அதை மாற்றும் நாள் வரும்போது ஒரு டன்தான் வாங்குவேன்.